கோலிக்குண்டும் மூன்று சாத்துக்குடியும்

ப்ளஸ் டூ மாணவனுக்கே வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். சரி, பொய். அவன் சொன்னான், நான் பழத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எட்டாவதை இரண்டு தடவை படித்தும் தேறாதவன் வேறென்ன செய்வான்?

இன்று பூந்தமல்லி பஸ்ஸில் யாரோ சாத்துக்குடி உரித்தார்கள். அந்த வாசனையில் ஆவடி குவார்ட்டர்ஸும் அந்த ப்ளஸ் டூ கூட்டாளி மணியும் நினைவுக்கு வந்துவிட்டார்கள்.

மணி ஒரு கோலிக்குண்டைக் காட்டி, "இதான் பாஸ்பரஸ்" என்றான். அதைச் சுற்றிக் குளோரினாக ஐந்து நெல்லிக்காய்களைக் களிமண்ணால் ஒட்டினான். பிறகு அவற்றைப் பிய்த்துவிட்டு, அயோடினுக்குச் சாத்துக்குடி ஒட்டினான். மூன்று வைத்ததுமே இடம் தீர்ந்துபோனது.

"இன்னும் ரெண்டு சொருகேன் மச்சான்."

"அயோடின் பெர்சுடா. சொருவுனா இடிச்சிகினு எல்லாம் கயண்டுக்கும்."

மறுநாள் மணி வீட்டுக்குப் போனபோது, அவனுடைய வகுப்புத் தோழர்கள் மூன்று பேர் அவனைச் சுற்றி உட்கார்ந்து காலேஜ் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மணி நகர்ந்து, "வா மச்சான், குந்து" என்றான்.

நடுவில் நான் சொருகினால் எல்லாம் கயண்டுக்குமோ என்று எனக்குத்தான் பயம். "கடைக்குப் போவணும் மாமே" என்று புளுகிவிட்டு வந்தேன். அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. ஒருநாள் அவனே என்னைத் தேடி வந்து...

"அண்ணாத்தே!" கண்டக்டர் தோளைத் தட்டினார். "எல்லாம் எறங்கிட்டாங்க. நீ ஒர்த்தன்தான் குந்திகினு கீறே."