மழையில் மண்டியிட்டவர்

என் வீட்டுக்காரருக்குச் சீனத்து வாள்சண்டை நாடகம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். போனும் கையுமாகக் கிடப்பார். அதில் தப்பு செய்த சீடன் மழையென்றும் பாராமல் முற்றத்தில் மண்டியிடுவான். குரு மன்னிக்கும்வரை எழும்பவே மாட்டான்.

ஒரு நாள் மாலை எங்கள் ஊர் கடுகண்ணாவை ரயில் ஸ்டேஷனுக்கு என்னைக் கூட்டிப்போக வருவதாகச் சொன்னவர், நாடகத்தில் மூழ்கி மறந்துவிட்டார். கொட்டுகிற மழையில் மரக்கறிப் பையோடு மேடேறி வந்து, வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் நேரே முற்றத்துக்குப் போய் மண்டியிட்டார்.

"நீ மன்னிக்கிற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

கிடக்கட்டும் என்று கதவைச் சாத்தினேன். சத்தம் கேட்டுத் திறந்தால், பக்கத்து வீட்டு முஸ்லிம் ராத்தா அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். "என்ன தங்கச்சி, மனுசன இப்படியா மழைல வெக்கிற?" எதிர்வீட்டுச் சிங்கள அம்மா தலையணை கொண்டுவந்து அவர் முழங்காலுக்குக் கீழே வைத்தார். குற்றவாளிக்கு இத்தனை உபசாரம். நனைந்த சேலையோடு வாசலில் நின்ற நான்தான் கொடுமைக்காரி.

"மன்னிச்சிட்டேன், உள்ள வாங்க," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

முழங்கால் பிடித்துக்கொண்டதால் அவரால் எழும்ப முடியவில்லை. மூன்று பெண்களும் சேர்ந்து தூக்கினோம். நாடகத்திலும் கடைசியில் இப்படித்தான் தூக்குவார்களாம். சந்தோஷமாகச் சொன்னார்.

போன வாரம் நான் சோற்றை அடிப்பிடிக்க விட்டுவிட்டேன். அவர் ஜன்னலைத் திறந்து, மழை வருகிறதா என்று பார்த்தார்.

கருகியதை முழுக்கச் சுரண்டி அவர் தட்டில் போட்டேன்.