திரையில் நின்ற முதுகு

முன்னறைப் பக்கம் 'சப்'பென்று ஒரு சத்தம் கேட்டது. அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கை நறுக்கிக்கொண்டிருந்த முத்துக்கனியின் கை அப்படியே நின்றது. மறுபடியும் ஒரு 'சப்'. அதைத் தொடர்ந்து யாரோ ஓடும் சத்தம், சிரிப்பு.

"ஏட்டி ஓமனா, என்ன அது?"

"சாணி அம்மா. கதவுல எறிஞ்சிட்டு ஓடுதானுவ."

"பசுஞ்சாணியா, எருமச்சாணியா?"

"அதத் தெரிஞ்சி நீ என்ன செய்யப் போற?"

"பசுஞ்சாணிண்ணா அடுக்கள மெழுவுததுக்கு ஆச்சுல்லா."

மகள் சிரித்தாள். முத்துக்கனியும் சிரித்தாள். ஒரு வாரமாக இதே பாடு. முதல் நாள் மண், அடுத்த நாள் கரியால் கதவில் எழுத்து, இன்றைக்குச் சாணி.

கொட்டாரம் கடைத்தெருவில் முத்துக்கனியைத் தெரியாத பெண் கிடையாது. வட்டக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பனையேறியின் குடிசையில் பிறந்தவள். இன்னொரு பனையேறிக்கு வாழ்க்கைப்பட்டவள். ஓமனா தவழ்கிற வயதில், மழை பெய்து வழுக்கிய ஒரு பனை அவள் கணவன் குமாரதாஸைக் கீழே தள்ளிவிட்டது. அழுது தீர்க்கவும் அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. கழுத்தை விட்டு இறங்கிய தாலியை விற்றுப் பழைய தையல் மெஷின் ஒன்றை வாங்கினாள். அன்று குனிந்த தலைதான். எந்த வீட்டுக் கல்யாணமானாலும் மணப்பெண்ணுக்கு ரவிக்கை முத்துக்கனி கையால்தான் என்று ஊர் பெயர் சொல்லும் வரை அவள் நிமிரவில்லை.

நிமிர்ந்ததுதான் இப்போது குற்றமாகிப் போயிற்று.

நாகர்கோவிலில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த யூஜின் ஒரு நாள் தன் மனைவியின் ரவிக்கையை வாங்க வந்தவன், "அக்கா, டாக்கீஸ்ல ஒரு சிலைடு போடுங்க. அகஸ்தீஸ்வரம் வர உள்ள பெண்ணுவ எல்லாம் தேடி வருவாவ" என்றான். கண்ணாடித் தகட்டில் படமும் எழுத்துமாகச் செய்து கொடுத்தால், கொட்டகைக்காரன் ரீல் மாற்றுகிற நேரத்தில் அதைத் திரையில் காட்டுவான். ரவிக்கைக்கு ஒரு படம் வேண்டுமே? நாடகக்காரி ஒருத்தியைக் கூட்டி வருகிறேன் என்றான் யூஜின்.

"ரவிக்க எனக்க கைவேல. முதுவ மட்டும் எதுக்கு வாடகைக்கு எடுக்கணும்?" என்றாள் முத்துக்கனி.

அவளே நின்றாள். கேமராவுக்கு முதுகைக் காட்டி, கூந்தலை ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தோள் இரண்டும் நிமிர நின்றாள். ரவிக்கையின் பின்கழுத்து பானை வடிவில் வளைந்து இறங்கியிருந்தது. முகம் துளியும் தெரியவில்லை. கீழே எழுத்து: 'முத்துக்கனி தையல் நிலையம், கொட்டாரம்.'

ஊர் டாக்கீஸ் என்பது ஓர் ஓலைக் கொட்டகை. சிலைடு போய்ச் சேர்ந்த அன்று முதல் ஆட்டம். வழக்கம்போல ரீல் மாற்றும்போது சிலைடைப் போட்டார்கள். விதி பார்த்தீர்களா, அடுத்த ரீல் ஓடுவதற்கு முன்பே அறுந்து போயிற்று! அதை ஒட்டி முடிக்கும் வரை திரையில் வேறொன்றும் இல்லை. ஒரு பெண்ணின் முதுகு. பனை உயரத்துக்கு.

முதலில் சீட்டி அடித்தார்கள். அப்புறம் சீட்டி நின்றது. நேரம் போகப் போக ஒவ்வொரு ஆணுக்கும் ஒரு பயம். யார் முதுகு இது? நம் வீட்டு முதுகாக இருந்துவிட்டால்? தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல் எழும்பியது.

"ஏலே, இது முத்துக்கனிக்க மவ ஓமனால்லா!"

அவ்வளவுதான். தரை டிக்கெட்டுக்காரர்களுக்கு இருக்கை மணல்தானே! ஆளுக்கொரு பிடி அள்ளித் திரையை நோக்கி எறிந்தார்கள். மணல் மாரி பொழிந்தது. இத்தனைக்கும் அங்கே இருந்த ஒருவனுக்கும் அது முத்துக்கனியாக இருக்கலாம் என்று தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? மெஷின்மேல் கவிழ்ந்து கிடந்த முதுகைத்தானே அவர்கள் இத்தனை காலம் பார்த்திருந்தார்கள்!

மறுநாள் ஊர் கூடியது. 'முத்துக்கனியிடம் யாரும் துணி தைக்கக் கொடுக்கக் கூடாது' என்று முடிவு செய்தார்கள். ஆண்கள் செய்த முடிவு அது. அன்று மாலையே பின்வாசலைத் தட்டிக்கொண்டு அடுத்த தெரு தங்கபாய் வந்து நின்றாள். முந்தானைக்குள் ஒரு துணி.

"ஏ முத்துக்கனி, அந்தப் படத்துல உள்ள கழுத்து எனக்கும் வேணும். எனக்க மாப்பிளைக்குத் தெரியாண்டாம், கேட்டியா?"

"உனக்க மாப்பிள என்னட்டி சொன்னாரு?"

"என்னத்த சொல்லுவாரு? மொத மணல எறிஞ்சதே அவருதானே!"

அதனால் பிழைப்புக்குப் பங்கம் வரவில்லை. முத்துக்கனியின் நெஞ்சை அறுத்த கவலை வேறு. ஓமனாவுக்கும் மயிலாடி கிருஷ்ணமணிக்கும் நிச்சயம் ஆகியிருந்தது. தை மாதம் கல்யாணம். பள்ளிக்கூட வாத்தியார் அவன்; இந்தத் தெரு வழியாகச் சைக்கிளில் போகும்போது காரணமில்லாமல் மணி அடிப்பான். பொத்தான் தைத்துக்கொண்டிருக்கும் ஓமனா தலை நிமிராமலே சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்ப்பதற்காகவே முத்துக்கனி இத்தனை வருடம் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக அந்த மணிச் சத்தம் கேட்கவில்லை.

அன்று சாணியைக் கழுவி முடிப்பதற்குள் கிருஷ்ணமணியின் தகப்பனார் நாராயணபெருமாள் வந்துவிட்டார். மயிலாடியில் ஊர் முதலடி அவர். அவர் சொல்லாமல் அங்கே ஒரு பந்தலுக்குக் கால் நட மாட்டார்கள். தலைப்பாகையும் நெற்றியில் வெள்ளை நாமமுமாக, ஈரக் கதவில் வேட்டி படாமல் ஒதுங்கி உள்ளே நுழைந்தார்.

"இருங்க அண்ணாச்சி. கருப்பட்டிக் காப்பி போடட்டா?"

"காப்பி கெடக்கட்டும் பிள்ள. நான் ஒறவு முறிக்க வரல்ல. ஒறவக் காப்பாத்த வந்திருக்கேன்." அவர் குரல் நிஜமாகவே கனிவாக இருந்தது. "ஊரு வாய அடைக்கணும். அதுக்கு ஒரு வழி கண்டு வச்சிருக்கேன். வாற ஞாயித்துக்கெழம பணிவிடைக்கு எங்க நிழல்தாங்கலுக்கு வா. அய்யாவுக்க கண்ணாடி முன்ன நிண்ணு, 'படத்துல உள்ளது எனக்க மவ இல்ல, நாகரோயில் நாடகக்காரி'ண்ணு ஒரே ஒரு சொல்லு சொல்லு. அந்தச் சிலைட அங்கனயே போட்டு ஒடச்சிரு. தையில கல்யாணம் நடக்கும். நான் நடத்துவேன்."

அய்யாவழிக்காரர்கள் கும்பிடும் இடமான நிழல்தாங்கலில் சிலை கிடையாது. கண்ணாடி ஒன்றுதான் இருக்கும். அதன் முன்னால் நின்று கும்பிடுகிறவன் காண்பது தன் முகத்தையே. அந்தக் கண்ணாடிக்கு எதிரே பொய் சொன்னவன் பிறகு எந்த முகத்தோடு நடமாடுவான்?

"அண்ணாச்சி, அது ஓமனா இல்லண்ணு சொல்லலாம். அது சத்தியம்."

"அப்பம் என்ன? நாடகக்காரிதானே?"

"நாடகக்காரியும் இல்ல. நான்."

நாராயணபெருமாளின் கண் அவரை அறியாமல் முத்துக்கனியின் தோள் பக்கம் போய், சுட்டதுபோலத் திரும்பியது.

"சம்மந்திக்காரியா? இது அதவிடல்லா கேடு! சின்னப் பிள்ள, அறியாம செஞ்சிட்டாண்ணாவது சொல்லலாம். தாலியறுத்தவளுக்கு இந்த வயசுல..." அவர் மேலே சொல்லாமல் துண்டால் முகத்தைத் துடைத்தார். "செரி, போட்டு. யாருக்கும் தெரியாதுல்லா? நான் சொன்ன மாதிரி நாடகக்காரிண்ணே சொல்லிப்போடு. ஒரு பொய்யில என்ன வந்திரும்? உனக்க மவளுக்க வாழ்வுல்லா கெடக்கு!"

மகளின் வாழ்வு! எந்தத் தாயை எங்கே குத்த வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. முத்துக்கனி உள்வாசலைப் பார்த்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு ஓமனா நின்றாள். அழுத கண். சைக்கிள் மணிக்குச் சிரிக்கிற அந்தப் பெண்ணா இவள்? ஒரு கணம், ஒரே கணம், 'சொல்லிவிடுகிறேன் அண்ணாச்சி' என்ற வார்த்தை தாயின் தொண்டை வரை வந்தது.

வந்தது, நின்றது, திரும்பிப் போனது.

"அண்ணாச்சி, நம்ம பெண்டுவ மாரு மறைக்கத் துணி போட்டதுக்கு ஒரு காலத்துல மேல்சாதிக்காரனுவ சந்தையில வச்சுக் கிழிச்செறிஞ்சானுவ. அடி வாங்கினாவ, பின்னயும் போட்டாவ. அண்ணைக்குத் துணி போட்டது குத்தம். இண்ணைக்குத் துணியப் போட்டுட்டு நிமுந்து நிண்ணதும் குத்தமா?"

"அது வேற, இது வேற."

"எப்படி வேற? நீங்க எதுக்குத் தலப்பா கெட்டுதிய? யாருக்கும் தல குனியாண்டாம்ணு அய்யா சொன்னாரு, கெட்டுதிய. ஆம்பளைக்குத் தல நிமுரலாம், எனக்கு முதுவு நிமுரக் கூடாதா? வெயில்ல போற பனையேறிக்க முதுவ ஊரே பாக்குது. அதுல யாரும் மணல எறியல்லிய!"

"பேச நல்லாத்தான் இருக்கு பிள்ள. ஊருல நடக்காது."

"ஞாயித்துக்கெழம வாறேன் அண்ணாச்சி. கண்ணாடி முன்ன நிப்பேன். 'அது நான்தான், தச்சதும் நான், நிண்ணதும் நான்'ணு சொல்லுவேன். சிலைட ஒடைக்க மாட்டேன். மாசம் முடியது வர அது டாக்கீஸ்ல ஓடும்."

நாராயணபெருமாள் ஓமனாவின் பக்கம் திரும்பினார். அவருக்கு அந்தப் பெண்ணை உண்மையிலேயே பிடிக்கும். "மக்கா, நீயாவது உனக்க அம்மைக்குச் சொல்லு. கிருஷ்ணமணி சோறு திங்காமக் கெடக்கான்."

ஓமனா உள்ளே போனாள். திரும்பி வரும்போது அவள் கையில் நிச்சயத்துக்கு அவர்கள் கொடுத்த மாம்பழ நிறப் பட்டுச்சேலை இருந்தது.

"சோறு திங்காமக் கெடக்கதுக்குப் பதிலா இஞ்ச வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் மாமா. ஒரு வாரமாச்சு. சைக்கிளு கெட்டுப் போச்சா?"

"ஊருக்குப் பயம் மக்கா."

"ஞாயித்துக்கெழம அம்மைக்கக் கூட நானும் வருவேன். கேக்க மனசிருந்தா உங்க மவனும் வந்து முன்ன நிக்கட்டும். ஊருக்குப் பயந்தவியளுக்கு நான் ஆயுசு முழுக்கச் சோறு பொங்க மாட்டேன். இத நீங்க கையில வையுங்க."

முத்துக்கனி வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா, சிரிப்பா? இரண்டும்தான்.

அந்தப் பெரிய மனிதர் சேலையை வாங்கினார். மெஷின்மேல் வைத்தார். தாயையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு சொல், மன்னிப்பாக ஒரு தலையசைப்பு, ஏதாவது ஒன்று கிடைக்கும் என்று காத்திருந்தார். இரண்டு பெண்களும் அசையவில்லை. சேலையை மறுபடி எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"வாறேன் பிள்ள" என்றார் வாசலில்.

"பாத்துப் போங்க அண்ணாச்சி. படியில வழுக்கும்."

அவர் தெருவில் இறங்கினார். எதிர்ச்சாரிக் கடைகளில் வேடிக்கை பார்த்தவர்கள் கக்கத்தில் இருந்த சேலையைக் கண்டு தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஓமனா அவர்களை ஒவ்வொருவராக நேருக்கு நேர் பார்த்தாள். பார்த்த பிறகுதான் கதவைச் சாத்தினாள்.