கறித்துண்டும் இருபது நிமிஷமும்

ஆட்டுக்கறித் துண்டு ஒன்றைக் கைக்குள் பொத்திக்கொண்டு பைபிளின் இருபத்து மூன்றாம் சங்கீதத்தை முழுசாக ஒப்பித்தவன் எங்கள் சபையிலேயே நான் ஒருத்தன்தான். கறி அப்போதுதான் கொதிக்கிற அண்டாவிலிருந்து வெளியே வந்திருந்தது. சங்கீதத்துக்கு ஆறே ஆறு வசனம். அந்த ஆறும் இவ்வளவு நீளம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நான் அப்போது நாலாம் வகுப்பு. சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், வயலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் எங்கள் கோயில். வெளியூர்க்காரர்கள் சர்ச் என்பார்கள். எங்களுக்கு அது கோயில்; போதகரை ஐயர் என்போம். வருஷத்துக்கு ஒருநாள் அங்கே அசனம் நடக்கும். சபை மொத்தமும் ஒரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. நேர்ச்சை ஆடுகள் முதல்நாளே வந்து வேப்பமரத்தடியில் கத்திக்கொண்டு நிற்கும். மறுநாள் காலையில் கத்தாது. மத்தியானம் மணக்கும்.

அசனத்தில் கறிக்கரண்டி பெரியம்மாவுடையது. யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. ஆனால் அவள் இருக்கும்போது வேறு யாரும் அதைத் தொட்டதும் இல்லை. பந்தியில் அவள் இலையைப் பார்க்க மாட்டாள், ஆளைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு யாருக்கு எலும்பு, யாருக்குக் குழம்பு மட்டும் என்று முடிவு செய்வாள். எனக்குப் பெரும்பாலும் குழம்பு மட்டும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அந்த வருஷம் கல்யாணமாகி வந்த மருமகள்கள் முதல் பந்திக்குப் பரிமாற வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வருஷத்து மருமகள் சித்தி. வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ராதாபுரம் பக்கம், பனங்காட்டு ஊர். திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் நர்ஸ். அந்த வார்டு பெரியம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "பிரசவ வார்டுன்னாலும் நாலு வீட்டுல சொல்லிக்கிடலாம்" என்பாள். முதல் பந்தியில் சித்தி எப்படிப் பரிமாறுகிறாள் என்பதைப் பார்த்துத்தான் பெரியம்மா தீர்ப்பு எழுதப்போகிறாள் என்று வீடே காத்திருந்தது. சித்தப்பா காலையிலிருந்து மூன்று தடவை ஜெபம் பண்ணிவிட்டார்.

எனக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது. என் கவலை அண்டாவில் இருந்தது.

பெரியம்மா உப்பு பார்த்துவிட்டு அந்தப்பக்கம் திரும்பிய நேரத்தில், வாழையிலைக் கிழிசலோடு நான் இந்தப்பக்கத்திலிருந்து நுழைந்தேன். கரண்டியால் ஒரு துண்டை அள்ளி, இலையில் சுருட்டி, கைக்குள் பொத்திக்கொண்டு, நல்ல பிள்ளையாகத் திரும்பினால் எதிரே ஐயர்.

"என்ன தம்பி, போன வாரம் சங்கீதம் சொல்லாம நழுவிட்டேல்லா? இப்பச் சொல்லு பாப்போம்."

கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஆரம்பித்தேன். முதல் வசனம் வரைக்கும் இதமான வெதுவெதுப்புத்தான். இரண்டாவதில் இலை வதங்கிவிட்டது. மூன்றாவதில் குழம்பின் எண்ணெய் கசிந்து விரல் இடுக்குகளில் இறங்கியது. நான் ஒற்றைக்காலில் நின்றேன். நாலாவது வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு ஒன்று வரும். அதற்குள் நான் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தேன். ஐந்தையும் ஆறையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தபோது கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாகக் கொட்டியது.

"பாத்தீகளா, பிள்ள அப்படியே உருகிட்டான்" என்று ஐயர் பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னார். உருகியது வாஸ்தவம்.

கீழே போட்டிருக்கலாமே என்று என் மனைவி இன்றைக்கும் கேட்கிறாள். அவள் சைவம். அவளுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

ஐயர் நகர்ந்ததும் முதலில் கறியைத் தின்றேன். அப்புறம்தான் அலறினேன். தடயம் இருக்கக் கூடாதே.

கூட்டம் கூடிவிட்டது. "அண்டா மூடியப் பிடிச்சிட்டேன்" என்று ஒரு பொய்யைச் சொல்லிக் கையை நீட்டினேன். உள்ளங்கை செக்கச்செவேலென்று இருந்தது. அந்த நேரத்தில்தான் எங்கள் சபையில் இத்தனை டாக்டர்கள் இருப்பதே தெரியவந்தது. ஒருத்தர் பேனாவைத் திருகித் திறந்து இங்க்கை ஊற்றினார். ஒருத்தி ஓடிப்போய் இட்லி மாவு கொண்டுவந்து அப்பினாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாமா, "இங்க்கெல்லாம் அந்தக் காலம் வே, முட்ட வெள்ளக்கருதான் கேக்கும்" என்று முட்டை தேடிப் போனார். கடைசியாகப் பெரியம்மா வந்து, எல்லாவற்றுக்கும் மேலே பற்பசையைப் பிதுக்கி, கேக்குக்கு ஐசிங் வைப்பதுபோல் வழித்துவிட்டாள். பெரியம்மா வைத்தபிறகு வேறு யாரும் வைக்க முடியாது. வைத்தியம் முடிந்தது என்று அர்த்தம்.

அங்கேதான் சித்தி வந்தாள். பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாகப் பந்திக்குப் போய்க்கொண்டிருந்தவள், என் கையைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசாமல் தன் முந்தானையால் பற்பசையை வழித்து எடுத்துவிட்டாள். கூட்டத்தில் யாரோ 'ஐயையோ' என்றார்கள். என் கைக்காக இல்லை.

என்னை இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குப் போனாள். திறந்துவிட்டு என் கையைத் தண்ணீருக்கு அடியில் பிடித்தாள். மிச்சமிருந்த மாவும் இங்க்கும் நீலக் கஞ்சியாக ஓடின. பைய என் காதருகே குனிந்து கேட்டாள்.

"மூடியப் பிடிச்சா விரலுல்லா சுடும்? உள்ளங்கையில மட்டும் எப்படி இம்புட்டு?"

நான் குழாயையே உற்றுப் பார்த்தேன்.

"இருவது நிமிஷம். கைய எடுக்கப்பிடாது" என்று மணிக்கட்டிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

எனக்கு விளங்கிவிட்டது. இது தண்டனை. எங்கள் பள்ளிக்கூடத்தில் முட்டி போட வைப்பார்கள்; ராதாபுரம் பக்கம் குழாயடியில் நிறுத்துவார்கள் போலிருக்கிறது. கறித் திருட்டுக்கு இருபது நிமிஷம். பந்தலில் இலை போடுகிற சத்தம் கேட்டது. இருபது நிமிஷத்தில் முதல் பந்தியில் எலும்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. ஒப்புக்கொண்டால் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன்.

"சித்தி, கறி எடுத்தது நாந்தான்."

"சரி. கைய அசைக்காத."

இது போதவில்லை போலும். "நீ கொண்டுவந்த கருப்பட்டி மிட்டாய எலி திங்கல, சித்தி."

"அப்படியா?"

"சித்தப்பாவோட புது செல்போனு... தண்ணித் தொட்டிக்குள்ள அதுவா விழல."

சித்தியின் தோள் குலுங்கியது. கோபத்தில் நடுங்குகிறாள் என்று நினைத்து, இன்னும் என்னவெல்லாம் பாக்கி இருக்கிறது என்று அவசரமாக யோசிக்க ஆரம்பித்தேன்.

பந்தலில் மைக் கரகரத்தது. "இந்த வருசத்து மருமக்கமாரு எல்லாரும் முதல் பந்திக்கு வந்து நிக்கவும்." சித்தி அசையவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். மூன்றாவது தடவை எங்கள் வீட்டுப் பேரைச் சொல்லியே கூப்பிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பெரியம்மா வந்துவிட்டாள். கையில் கரண்டி. அதிலிருந்து குழம்பு சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏளா, மைக்குல கூப்பிடுதது காதுல விழல? ஊரே எட்டிப் பாக்குது. நான் வச்ச பேஸ்டையும் தொடச்சுப் போட்டாச்சு. உங்க ஊர்ல குடிக்கவே தண்ணி கிடையாது, இங்க வந்து ஆத்தையே இறைச்சு ஊத்துதியா?"

"இன்னும் பதினோரு நிமிஷம் இருக்குக்கா."

"சின்னப்பய கை. அதுக்கு இம்புட்டு ஆராதனையா?"

சித்தி நிமிர்ந்து பார்க்கவில்லை. கண் என் கையிலேயே இருந்தது.

"அடுப்ப அணச்ச பெறகும் கொப்பரையில உள்ள இட்லி வேகத்தானக்கா செய்யும்? தோலும் அப்படித்தான். நெருப்ப விட்டு வந்துட்டாலும் சூடு உள்ள இறங்கிக்கிட்டே இருக்கும். மேல எதப் பூசினாலும் மூடி போட்ட மாதிரி ஆயிரும். ஆஸ்பத்திரிக்கு வந்த பெறகு நாங்கதான் அதக் கழுவிச் சொரண்டி எடுக்கணும். இவன் வயசுப் பிள்ளைங்களாத்தான் வருதுக. அதுக போடுத சத்தம் இருக்கே..." என் கையைத் தண்ணீரில் திருப்பிப் பிடித்தாள். "எடுத்து முடிச்சிட்டு நான் பாத்ரூம்ல போய் அழுதுட்டு வருவேன்க்கா. என்னைத் திட்டணும்னா பெறகு திட்டுங்க."

பெரியம்மா கரண்டியைத் தாழ்த்தினாள். குனிந்து என்னிடம் கேட்டாள்.

"ஏலே, இப்ப எரியுதா?"

"தண்ணிய விட்டு எடுத்தா எரியுது. வச்சா எரியல."

பெரியம்மா ஓடுகிற தண்ணீரில் ஒரு விரலை விட்டுப் பார்த்தாள். அப்புறம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழாயடியில் குந்தினாள்.

"நீ போ. நான் பிடிக்கேன்."

"என் சேலை நனைஞ்சு போச்சேக்கா."

"காயும். இந்தா, இதப் பிடி." கரண்டியைச் சித்தி கையில் திணித்தாள். "நெஞ்செலும்பு ஐயருக்கு. மறந்துராத. அந்த வாட்சக் கழட்டிக் குடுத்துட்டுப் போ."

சித்தி கரண்டியைப் பார்த்தாள், பெரியம்மாவைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். தண்ணீர் தெறித்துவிட்டது என்று நினைத்தேன்.

கை பிழைத்துக்கொண்டது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டே இரண்டு கொப்புளம். அன்றைக்குச் சாயங்காலமே சித்தி என்னை அவள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினாள். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணி வைத்துக் கட்டிவிட்டார்கள். பத்து நாளில் ஆறிவிட்டது. தழும்புகூட இல்லை. அதனாலேயே இந்தக் கதையை இப்போது யாரும் நம்புவதில்லை.

குழாயடியில் பெரியம்மா கடிகாரத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பந்தலில், ஈரச்சேலை காலில் தட்டத்தட்ட, சித்தி இலை இலையாகக் கறி வைத்துக்கொண்டு போவது தெரிந்தது. பெரியம்மா கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தாள். "கரண்டிய இப்படியா பிடிக்கது?" என்று முணுமுணுத்தாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. என் கையையும் விடவில்லை.

பந்தியை விட்டுவிட்டுப் பெரியம்மாவே காவலுக்கு உட்கார்கிறாள் என்றால், விஷயம் எங்கேயோ போய்விட்டது.

"பெரியம்மா, கறி எடுத்தது நாந்தான்."

"தெரியும்லே. வாயில உள்ள எண்ணெயத் தொடச்சிட்டுல்லா அழுதிருக்கணும்."

தெரிந்தும் விடவில்லை! அப்படியானால் இந்த இருபது நிமிஷம் கறிக்காக இல்லை. வேறு எதுவோ வெளியே வந்துவிட்டது. பெரியம்மா பந்தலைப் பார்த்துக்கொண்டு, இதுவரை நான் அவள் முகத்தில் பார்த்திராத ஒரு சிரிப்போடு உட்கார்ந்திருந்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பொலிவாகத் தெரியவில்லை, பொறியாகத் தெரிந்தது. மீதி ஏழு நிமிஷத்தில், அவள் கேட்காமலேயே, மூன்றாம் வகுப்பிலிருந்து நான் செய்த அத்தனையையும் ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டேன்.