ஒன்பதாம் இலக்கச் சட்டை

உதைபந்தாட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து வந்தது. சித்தப்பா பாரிசுக்கு வந்த புதிதில் அங்கேதான் தட்டுக் கழுவினார். உணவகத்தின் முதலாளி பாஸ்க் நாட்டுக்காரர். பிரான்சும் ஸ்பெயினும் முட்டிக்கொள்ளும் மலையோரத்து மனிதர். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் தம்பி ஒருவர் நூறு வருடத்துக்கு முன்பு பெயர்பெற்ற முன்வரிசை ஆட்டக்காரராக இருந்தாராம். மீசையும் முழங்காலை மூடிய காற்சட்டையுமாக அவருடைய படம் சுவரில் தொங்கியது. முதலாளிக்குக் கதை சொல்ல ஆள் தேவை, சித்தப்பாவுக்குப் பிரெஞ்சு பழக ஆள் தேவை. இரண்டு பேருக்கும் பிழைப்பு நடந்தது.

அந்தக் கதையை, பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் இருந்த எங்கள் இரண்டறை வீட்டுக்குக் கொண்டுவந்து சித்தப்பா எனக்குத் தவணை முறையில் சொன்னார். பாதி அவருக்கு விளங்கியது, மீதி அவரே போட்டு நிரப்பியது. படத்தில் இருந்த பாஸ்க்காரர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் மகன். மணலில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவர். ஆள் கட்டை, ஆனால் பந்து காலுக்கு வந்துவிட்டால் எதிரணியின் பாடு பெரும்பாடு. ஊர்ச்சனம் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாய்ப் போகுமாம். அவர் ஆடிய கழகம் சொந்த மண்ணின் ஆட்களை மட்டுமே எடுக்குமாம்.

“காசு குடுத்து வெளியாக்களைக் கொண்டு வரமாட்டாங்கள் பிள்ளை. ஊருக்கு விளையாடுறதெண்டா அதுதான்,” என்று சித்தப்பா என்னவோ தானே அந்தக் கழகத்தின் செயலாளர் போலச் சொல்வார். அங்கே பிறக்காவிட்டாலும் அங்கே வளர்ந்திருந்தால் சேர்த்துக்கொள்வார்கள் என்று முதலாளி பிறகு ஒரு திருத்தம் சொன்னாராம். அதுவும் சித்தப்பாவுக்குப் பிடித்திருந்தது.

சித்தப்பாவும் முன்வரிசை ஆட்டக்காரர்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்தாலும், கைக்குழந்தையாக இருந்தபோதே சண்டை துரத்தி, அப்பம்மாவின் இடுப்பில் வன்னிக்குப் போனவர். அப்பா அவருக்கு நிறைய மூத்தவர். ஊரிலேயே வளர்ந்து, அந்தச் சண்டைக்கு முன்பே அங்கிருந்து பிரான்சுக்கு வந்தவர். அதனால் அப்பாவுக்கு ஊர் தெரியும், சித்தப்பாவுக்கு ஊரின் பெயர் மட்டும் தெரியும். வீட்டில் நடந்த சண்டைகளுக்கெல்லாம் இந்த ஒன்றுதான் காரணம் என்று எனக்குப் புரிய வெகுகாலம் பிடித்தது.

மெட்ரோப் பாலத்தின் கீழே கம்பி வலை அடித்த சின்ன மைதானம் ஒன்று இருந்தது. வேலை இல்லாத நாளில் சித்தப்பா அங்கே அரபுப் பெடியன்களோடும் ஆபிரிக்கப் பெடியன்களோடும் ஆடுவார். ஒருநாள் எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தவர் வலைக்கு வெளியே நின்று வெகுநேரம் பார்த்தார். எங்கள் ஊர்ச் சங்கத்தின் உதைபந்தாட்டக் குழுவுக்கு அவர்தான் பொறுப்பு. பாரிசில் இருக்கும் யாழ்ப்பாணத்து ஊர்கள் ஒவ்வொன்றும் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் இறங்கி மற்ற ஊரோடு மோதும். எங்கள் ஊர் வருடா வருடம் முதல் ஆட்டத்திலேயே மூட்டை கட்டிக்கொண்டு வந்தது.

“தம்பி, நீங்கள் எந்த ஊர்?” என்று அவர் கேட்டார். சித்தப்பா சொன்னார். கடைக்காரர் அப்படியே கட்டிப் பிடித்துவிட்டார். மேற்கொண்டு எதுவும் விசாரிக்கவில்லை. கோல் அடிக்க ஆளில்லாத ஊர் அதிகம் விசாரிக்காது. அன்று அவர் எனக்கு ஒரு சொக்கிளேற்றும் தந்தார்.

அன்று மாலை அப்பா குதித்தார். “உனக்கென்ன விசரே? ஊர்ச் சங்கத்தோடை எங்களுக்கு என்ன கதை?”

“அண்ணை, இது பாரிஸ். இஞ்சை வந்து ஆர் உதுகளைப் பாக்கிறான்?”

“பாப்பாங்கள்,” என்றார் அப்பா.

“விடுங்கோவன். பந்துதானே அடிக்கப் போறான்,” என்று அம்மா இடையில் விழுந்தார். எதைப் பார்ப்பார்கள் என்று நான் கேட்டபோது அம்மா சோறு போட எழுந்தார். அப்பா ஊர் ஒன்றுகூடல் எதற்கும் போனதில்லை. அவருக்குக் கூட்டம் பிடிக்காது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

போட்டி நாளன்று அப்பாவுக்கு விமான நிலையத்தில் துப்புரவு வேலை. சித்தப்பா என்னைக் கூட்டிக்கொண்டு புறநகர் மைதானத்துக்குப் போனார். ஒலிபெருக்கியில் ஊர்களின் பெயர்கள் முழங்கின. ரோல்ஸ் பொரித்த எண்ணெய் மணம் மைதானம் முழுக்க நிறைந்திருந்தது. கடைக்காரர் ஒன்பதாம் இலக்கச் சட்டையைச் சித்தப்பாவின் கையில் கொடுத்து, தோளில் தட்டினார். முதுகில் ஊரின் பெயர் போட்டிருந்தது. தான் பார்த்த நினைவேயில்லாத ஊரின் பெயரைச் சித்தப்பா விரலால் தடவிப் பார்த்த முகத்தை நான் மறக்கவில்லை.

காலையில் அவர் ஆடிய ஆட்டத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிமிரும். எங்கள் ஊர் கோல் அடித்தது, வென்றது, மறுபடி வென்றது, இறுதி ஆட்டத்துக்கும் வந்துவிட்டது. மூன்று பேர் அவரைத் தோளில் தூக்கினார்கள். பாஸ்க்காரரைத் தூக்கியதும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நான் கை தட்டினேன்.

மதியம் மரநிழலில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். கடைக்காரரின் மாமனார், ஊரிலிருந்து அண்மையில் வந்திருந்த முதியவர், மடக்குக் கதிரையில் இருந்து சித்தப்பாவை அருகே அழைத்தார்.

“நல்ல விளையாட்டு. நீர் ஆற்றை மோன்?”

யாருடைய மகன் என்று யாழ்ப்பாணத்து ஆட்கள் மிகவும் அன்பாகக் கேட்பார்கள். சாதியைக் கேட்கும் கேள்வி என்று தெரிந்தவருக்கு மட்டுமே தெரியும். சித்தப்பாவுக்குத் தெரியவில்லை. பெருமையோடு அப்பப்பாவின் பெயரை முழுதாகச் சொன்னார். முதியவர் கண்ணைச் சுருக்கி யோசித்தார். பிறகு அந்தப் பெயரைப் பாதியாக வெட்டி, ‘அவனே?’ என்பதுபோலத் திருப்பிச் சொன்னார். எங்கள் ஆட்களின் பெயரை உயர்சாதிக்காரர் எந்தக் காலத்திலும் முழுதாகச் சொன்னதில்லை. “ஓ, அவன்ரை பெடியனே,” என்று சிரித்தார். கெட்ட சிரிப்பென்று சொல்ல முடியாது. தொலைந்த சாவி கிடைத்தவர் சிரிப்பதுபோலத்தான் சிரித்தார்.

 கடைக்காரர் மாமனாரின் பக்கத்தில் குனிந்து ஏதோ கேட்டார், எழுந்து போனார், மற்றவர்களோடு நின்று குசுகுசுத்தார். திரும்பி வந்தபோது அவர் சித்தப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

“நீ களைச்சுப் போனாய். ஃபைனலுக்கு மருமோனை இறக்குறம். சட்டையைக் கழட்டிக் குடு.”

“எனக்குக் களைப்பில்லை அண்ணை.”

“சொன்னாக் கேள்.”

காலைவரை ‘நீங்கள்’ என்றவர் மதியத்தில் ‘நீ’ என்றார். சித்தப்பா சட்டையைத் தலைவழியே உருவி, மடித்து, கொடுத்தார். வியர்வையில் ஊறிய அதை மருமகன் விரல் நுனியால் வாங்கியதை நான் பார்த்தேன். வியர்வைக்குத்தான் அருவருத்தான் என்று நினைத்தேன்.

அந்த மருமகன் ஆளில்லாத கோலுக்கு வெளியே பந்தை அடித்தான். எங்கள் ஊர் தோற்றது. அவர்கள் பெரிதாகக் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. தோற்பது அவர்களுக்குப் பழகியிருந்தது, எங்களால் வெல்வதுதான் பழகவில்லை. எனக்கு இன்றுவரை வயிறு எரிவது வேறொன்றுக்கு. சித்தப்பா எழுந்து போகவில்லை. வெறும் பெனியனோடு கோட்டோரம் நின்று, கடைசி விசில் வரை, தொண்டை கிழிய அவர்களுக்காகவே கத்திக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது ரயிலில் அவர் யன்னலோரம் உட்கார்ந்தார். பாஸ்க்காரருக்குக் கடைசியில் என்ன ஆயிற்று என்று நானாகக் கேட்டேன். யன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வயது ஏற ஏறக் கால் ஓடவில்லையாம். தோளில் தூக்கிய அதே சனம் மைதானத்தில் கூவிக் கேலி செய்ததாம். விளையாட்டை விட்டுவிட்டு, கொஞ்ச நாளில் காய்ச்சலில் செத்துப்போனாராம். செத்த பிறகு ஒரு தெருவுக்கு அவர் பெயரை வைத்தார்களாம்.

“பாவம், என்ன?” என்றேன்.

“அவனுக்குப் பரவாயில்லை பிள்ளை. கோல் அடிக்காததுக்குத்தானே திட்டினவங்கள்.”

அந்தக் கதை அதோடு முடிந்தது. அவருடைய ஆட்டமும் அதோடு முடிந்தது என்று எனக்கு அப்போது தெரியாது. அதற்குப் பிறகு மெட்ரோப் பாலத்தின் கீழேகூட அவர் பந்தைத் தொடவில்லை. இன்று லிமோஜ் நகரில் சொந்தமாகச் சின்ன உணவகம் வைத்திருக்கிறார். தொலைக்காட்சியில் ஆட்டம் போட்டால் அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விடுவார்.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது அப்பா வேலையால் வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். போட்டி என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. சித்தப்பாவின் முகம் வாடியிருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. நல்ல செய்தி ஏதாவது சொல்லவேண்டும் என்று தோன்றியது. நல்ல செய்தி ஒன்று என்னிடம் இருந்தது.

“அப்பா, அங்கை ஒரு தாத்தாவுக்கு அப்பப்பாவைத் தெரியுமாம். பேர்கூடச் சொன்னவர்.”

அப்பா சோற்றில் கையை வைத்தபடி நிமிர்ந்தார். “என்னெண்டு சொன்னவர்?”

முதியவர் சொன்ன மாதிரியே, பாதியாக, அதே இழுவையோடு சொல்லிக் காட்டினேன். எனக்கு மற்றவர்களைப் போலப் பேசிக்காட்ட நன்றாக வரும். சித்தப்பா குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். அப்பா சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்து, கை கழுவ எழுந்தார். அம்மா என்னைப் படுக்கப் போகச் சொன்னார்; வெளியில் இன்னும் வெளிச்சம் இருந்தது.

நான் சந்தோசமாகவே படுத்தேன். இவ்வளவு தூரத்தில், இவ்வளவு காலத்துக்குப் பிறகு, பெயரைச் சொன்னதும் ஒருவரை அடையாளம் தெரிகிறதென்றால், அவர் ஊரில் எவ்வளவு பெரிய ஆளாக இருந்திருக்கவேண்டும். மறுநாள் பள்ளிக்கூடத்தில் என் சிநேகிதியிடம் அப்படியே சொன்னேன்.