மூன்று காலிக் கூடைகள்

கணக்குப் பரீட்சையில் என்ன கேள்வி வரும் என்று சொல்வதில் சுகிர்தராணி டீச்சருக்கு வளைகுடாவின் எண்ணெய் ஆலை ஊரான ருவைஸ் முழுக்கப் பேர் இருந்தது. ஆலையில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள் படித்த நவ்ரஸ் இந்தியப் பள்ளியில் நாலாம் வகுப்புக் கணக்கு அவள் கையில். பரீட்சைக்கு முந்தின வாரம் 'இம்பார்ட்டண்ட்' என்று ஒரு தாள் கொடுப்பாள். அதில் உள்ளதே வரும். வராமல் எங்கே போகும், கேள்வித்தாள் தயாரிப்பவளும் அவள்தானே. இதில் கள்ளம் இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை. குளச்சலில் அவள் படித்ததும் அப்படித்தான். வகுப்பில் எல்லோருக்கும் தொண்ணூறுக்கு மேல். பெற்றோர் கிறிஸ்துமஸுக்கு வீடு தேடி கேக் கொண்டுவந்தார்கள்.

பள்ளிகளுக்குத் தரம் போடும் அரசுக் குழு மட்டும் மகிழவில்லை. இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் 'வீக்' என்று எழுதிவிட்டுப் போனது. புது அட்மிஷன் நின்றது. மூன்றாவது முறையும் அப்படியே வந்தால் பள்ளியை மூட வேண்டும் என்று உத்தரவு.

மூடினால் என்ன ஆகும் என்று சுகிர்தராணிக்குத் தெரியும். வேறு பள்ளி என்றால் அபுதாபி நகரம். தினமும் போய்வர முடியாத தூரம். அவளும் மகள் லிஜியும் குளச்சலுக்குத் திரும்ப வேண்டும். கணவன் செல்வநாயகம், ஆலையில் குழாய்களின் தடிமன் சோதிக்கும் டெக்னீஷியன், மறுபடி பேச்சலர் கேம்புக்குப் போக வேண்டும். கல்யாணத்துக்கு முன் பல வருஷம் அங்கே கிடந்தவன். அந்தப் பேச்சு வந்தாலே சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவான்.

பிரின்சிபால் உடையப்பன் துபாயிலிருந்து ஒரு மதிப்பீட்டு நிறுவனத்தை அமர்த்தினார். அங்கிருந்து ஜலஜா என்பவர் வந்தார். பள்ளியில் யாரும் பார்த்திராத கேள்வித்தாளை வைத்து எல்லா வகுப்புக்கும் பரீட்சை நடத்தினார். பிறகு விடைத்தாள்களோடு ஆசிரியர் அறைக்கு வந்து சுகிர்தராணியின் எதிரே உட்கார்ந்தார்.

"டீச்சர், ஏழாவது கேள்வியை மட்டும் பாருங்க."

பதினைந்து கூடைகள். மூன்று கூடைகள் காலி. மற்ற ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு மாம்பழம். மொத்தம் எத்தனை? சுகிர்தராணி முதல் தாளைப் பார்த்தாள். நூற்றெண்பது. அடுத்தது. நூற்றெண்பது. கட்டு முழுக்க நூற்றெண்பது.

"ஒத்துமையான வகுப்பு," என்றார் பக்கத்து மேசையில் இருந்த சயின்ஸ் மாஸ்டர் ராஜீவ்.

"புதுப் பேப்பர் இல்லையா மேடம். பிள்ளைங்க பதறிட்டாங்க," என்றாள் சுகிர்தராணி.

"பதறினா ஆளுக்கொரு விடை வரும் டீச்சர்," என்றார் ஜலஜா. "இது எல்லாருக்கும் ஒரே விடை."

அந்தக் கட்டுக்குள் அதே வகுப்பில் படித்த லிஜியின் தாளும் இருந்தது. அன்று சாப்பிடும்போது செல்வநாயகம் மகளைக் கேட்டான்.

"காலிக் கூடையில ஏது மக்ளே மாம்பழம்?"

"கூடைன்னு வந்தா பெருக்கணும்பா. அம்மாதான் சொன்னாங்க."

செல்வநாயகம் சிரித்துவிட்டான். மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"எல்லாரையும் இன்னும் நூறு கணக்கு போட வைக்கப் போறேன்," என்றாள் சுகிர்தராணி.

"நீ கேளுட்டி. குழாய் மெலிஞ்சிருக்குன்னு நான் ரிப்போர்ட் குடுத்தா, மேனேஜர் எங்கிட்டயா சண்டைக்கு வாரான்? எந்த எடத்துலன்னு கேப்பான். அந்த எடத்தத்தான் மாத்துவான். ஒங்க ரிப்போர்ட்டுல எடம் போட்டிருக்கா?"

ஜலஜா கொடுத்த ரிப்போர்ட்டில் போட்டிருந்தது. அவள்தான் மொத்த மார்க்கைப் பார்த்ததோடு மூடி வைத்திருந்தாள். திறந்தாள். எந்தப் பிள்ளை, எந்தக் கேள்வி, எந்தப் படியில் பிசகு என்று தனித்தனியாக இருந்தது. பெருக்கலில் ஒருவரும் தவறவில்லை. கேள்வியைக் கடைசி வரை படித்தவர் ஒருவரும் இல்லை. நூறு கணக்கு போட்டிருந்தால் சரியாக இருந்த இடத்தையே இன்னும் தேய்த்திருப்பாள்.

அதோடு இம்பார்ட்டண்ட் நின்றது. வகுப்பு தொடங்கினால் யாரும் பென்சிலைத் தொடக் கூடாது. பலகையில் ஒரு கேள்வி. இதில் என்ன சொல்லியிருக்கிறது, என்ன சொல்லவில்லை என்று பிள்ளைகள் பேச வேண்டும். பேசி முடித்த பிறகுதான் பென்சில். முதல் வாரம் வகுப்பு ஊமையாக உட்கார்ந்திருந்தது. மாதம் போனதும் ஜைத் என்கிற பையனை நிறுத்துவதுதான் பாடாக இருந்தது. சயின்ஸ் மாஸ்டர் ராஜீவ் கதவோரம் நின்று கேட்டார், கேலி பேசாமல் போனார், தன் வகுப்பிலும் அதையே தொடங்கினார். ஜலஜா வந்தபோதெல்லாம் பின்பெஞ்சில் உட்கார்ந்து, எந்தப் பிள்ளை இன்னும் வாயே திறக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

பருவத் தேர்வில் மார்க் சரிந்தது. ரகுநாதன், ஆலையில் சீனியர் இன்ஜினியர், மகள் மஹதியின் தாளோடு வந்தார்.

"அம்பத்திரண்டு மேடம். எங்க குடும்பத்துல இந்த நம்பரை ஷர்ட் சைஸுலகூடப் பார்த்ததில்ல."

"போன தடவை அவ வாங்கின தொண்ணூத்தெட்டு என் மார்க், சார். இது அவளோடது."

"அப்போ உங்களோடதையே குடுத்துடுங்கோ. எனக்கு அது போதும்."

குழு வரும் தேதி நெருங்கியது. உடையப்பன் அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"நீங்க செய்றது சரிதான் டீச்சர். நான் மறுக்கல. ஆனா குழு வர்ற அன்னிக்கு நடத்தற பாடத்தை மட்டும் முன்னாடியே ரெண்டு தடவை நடத்திப் பார்த்துடுங்க. ரிகர்சல்."

"போன ரெண்டு தடவையும் அதைத்தானே சார் செஞ்சோம்?"

"இந்தத் தடவை போச்சுன்னா கலாஸ். எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இங்கதான் படிக்குது."

அவளால் மறுக்க முடியவில்லை. மறுநாள் பழைய மாம்பழக் கணக்கையே பலகையில் எழுதினாள். ஜைத் எழுந்து நின்றான்.

"மிஸ், இது முடிச்சாச்சே. யாருக்காக மறுபடி போடறோம்?"

சுகிர்தராணி டஸ்டரை எடுத்து அழித்தாள். ரிகர்சல் அதோடு முடிந்தது. வீட்டில் செல்வநாயகத்திடம் சொன்னாள். கேம்பில் பெட் காலி இருக்கிறதா என்று அடுத்த நாள் விசாரித்துவிட்டு வந்தான்.

நான் எழுதுவதெல்லாம் சரிதானா என்று கேட்க இப்போது சுகிர்தராணி டீச்சர் உயிரோடு இல்லை. போன தவக்காலத்தில் அடக்கம் முடிந்தது. இருப்பவர்களிடம் கேட்டுச் சரிபார்த்ததுதான் இங்கே இருக்கிறது. அடுத்ததைச் சொன்னவர் ராஜீவ். குழு வந்த அன்றும் அவர் கதவோரம் நின்றிருந்தார்.

குழுவில் மஹ்மூது என்று ஒரு ஜோர்டான்காரர். பலகையைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், தானே ஒரு கேள்வி கேட்கட்டுமா என்றார். இன்று காலை ஆறு மணிக்கு அபுதாபியில் புறப்பட்டேன், மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகம், இங்கே எத்தனை மணிக்கு வந்திருப்பேன்?

யாரும் பென்சிலை எடுக்கவில்லை. உடையப்பன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். சுகிர்தராணி ஜன்னலைப் பார்த்து நின்றாள். டீச்சர் முகத்தில் விடையைத் தேடப் பழகிய பிள்ளைகள், அவர்களுக்கு முகம் காட்டக் கூடாது.

அதுவரை வாய் திறக்காத மஹதி கை தூக்கினாள்.

"சார், நீங்க எவ்வளவு தூரம்னு சொல்லலையே."

"வழியில நிறுத்தினீங்களா?" என்றான் ஜைத். "எங்க அப்பா டீ குடிக்காம வரமாட்டார்."

மஹ்மூது நாற்காலியை இழுத்துப் போட்டு பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்தார். நிறுத்தியதை ஒப்புக்கொண்டார். தூரத்தைச் சொன்னார். பென்சில்கள் நகர்ந்தன. வேறு வகுப்புக்குப் போக வேண்டியவர் மணி அடிக்கும் வரை எழவில்லை.

ரிப்போர்ட் வந்தது. பள்ளி 'வீக்' இல்லை, 'அக்செப்டபிள்'. கீழ்வகுப்புக் கணக்குக்கு மட்டும் 'குட்'. மாணவர்கள் கேள்வியைப் பரிசோதித்த பிறகே விடை தேடுகிறார்கள் என்று ஒரு வரி. உடையப்பன் அதைப் பெரிதாக அச்சடித்து வாசலில் மாட்டினார். அட்மிஷன் திறந்த காலையில் கார்கள் பள்ளியிலிருந்து ரவுண்டானா வரை நின்றன. ரகுநாதன் தன் தம்பி மகனுக்கு இடம் கேட்டு வந்து, மஹதிதான் சாரை மடக்கினாள் என்று வரிசையில் நின்ற எல்லோரிடமும் சொன்னார். ஐம்பத்திரண்டைச் சொல்லவில்லை.

அன்று செல்வநாயகம் டியூட்டி முடிந்து ஒரு பெரிய மாம்பழப் பெட்டியோடு வந்தான். கேம்ப் பெட் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். பெட்டியை மேசையில் வைத்தான்.

"ஒரு வரிசையில நாலு, மூணு வரிசை. எத்தன மாம்பழம், சொல்லு மக்ளே?"

லிஜி பெட்டியைச் சுற்றி வந்தாள். ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"தொறந்து பாக்காம சொல்ல மாட்டேன்."

உள்ளே பதினொன்றுதான் இருந்தது. ஒன்றை அவன் வரும் வழியிலேயே தின்றிருந்தான். சுகிர்தராணி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

லிஜி இப்போது அதே ஆலையில் குழாய்களைச் சோதிக்கிறாள்.