லைன் என் கையில் இருந்த நாள்

முதல் நாள்

ரைபிள் கிளப்பில் எனக்குக் கிடைத்தது ஆபீஸ் வேலை. மெம்பர்களுக்கு ரசீது போடுவது, போன் எடுப்பது, யார் எப்போது சுட வரலாம் என்று ஸ்லாட் கொடுப்பது. அதற்கு முன் தாராவியில் ஒரு மருந்துக் கடையில் இருந்தேன். கிளப் செம்பூரிலிருந்து டிராம்பே போகும் பஸ் வழியில், குன்றை ஒட்டி இருந்தது. சம்பளம் ஒழுங்காக வரும், ஞாயிறு தவிர சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்பதற்காகத்தான் சேர்ந்தேன். துப்பாக்கியைத் தொட வேண்டியிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

சேர்ந்த அன்றே கோச் காயத்ரி என்னைச் சுடுகிற இடமான ரேஞ்சுக்குள் கூப்பிட்டார். மாட்டுங்காப் பெண். என்னைவிடப் பல வயது இளையவர். மாநில அணிக்காகப் பிஸ்டல் சுட்டவர். இந்தக் கிளப்பில் வேலை பார்ப்பவர் யாராக இருந்தாலும், பெருக்குகிறவர் உட்பட, பேசிக் சேஃப்டி கோர்ஸ் முடித்தாக வேண்டும் என்பது அவர் வைத்த விதி.

மேஜை மேல் ஒரு பாயிண்ட் டூ டூ பிஸ்டல் இருந்தது. காயத்ரி அதை எடுத்துக் குண்டு அடுக்குகிற மேகசினைக் கழற்றினார், மேலே இருக்கிற ஸ்லைடைப் பின்னால் இழுத்தார், என் பக்கம் காட்டினார், மூடினார், மேஜை மேல் வைத்தார்.

“பேச்சியம்மா, இதுல குண்டு இருக்கா?”

“இல்ல மேடம். இப்பதான நீங்க காட்டுனிய.”

“நான் காட்டினேன். நீங்க பாத்தேளா?”

“பாத்தேன்.”

“சேம்பருக்குள்ள பாத்தேளா, இல்ல என் மூஞ்சியப் பாத்துண்டு இருந்தேளா?”

முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காயத்ரி சிரிக்கவில்லை. என்னையே எடுக்கச் சொன்னார். முதலில் மேகசினைக் கழற்று. பிறகு ஸ்லைடை இழு. குண்டு உட்காருகிற சேம்பருக்குள் கண்ணால் பார், பிறகு சுண்டுவிரலை விட்டுத் தொட்டுப் பார். இவ்வளவும் செய்கிறபோது குழல் வாய் டார்கெட் பக்கம் மட்டும்தான் இருக்க வேண்டும். விரல் டிரிகர் வளையத்துக்கு வெளியே நீட்டியபடி இருக்க வேண்டும்.

“இன்னொருத்தர் பாத்தாச்சுன்னு சொன்னா, அது அவாளுக்கு. உங்க கைக்கு வந்துடுத்துன்னா நீங்க பாக்கணும். நான் குடுத்தாலும் சரி, நாளைக்குக் கமிஷனரே வந்து குடுத்தாலும் சரி.”

அன்று முழுவதும் ஒரு குண்டுகூட நான் சுடவில்லை. எடுப்பதும் பார்ப்பதும் வைப்பதும்தான். ஸ்லைடின் ஸ்பிரிங் கெட்டியாக இருந்ததால் கட்டைவிரல் பக்கம் தோல் உரிந்துவிட்டது.

வீட்டில் சொன்னபோது என் கணவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறையில் அவருக்கு வேலை.

“என்னட்டி சொல்லுத? ரசீது போடத்தான போன?”

“ரசீதுந்தான் போடுதேன். இதுவும் படிக்கணுமாம்.”

“பாத்துட்டி. கோவத்துல வீட்டுக்கு எடுத்துட்டு வந்துராத” என்றார். அவருக்கு அது தமாஷ். எனக்கும்தான். ஆனால் மறுநாள் பஸ்ஸில் போகும்போது, அந்தப் பிஸ்டலை இன்று சரியாகத் திறந்து பார்ப்பேனா என்கிற நினைப்புதான் ஓடிக்கொண்டிருந்தது.

கண்ணை மூடிக்கொள்கிற கை

கோர்ஸ் முடிந்த பிறகும் நான் விடவில்லை. ஆபீஸ் வேலை முடிந்ததும் ரேஞ்சுக்குப் போய் நிற்பேன். காயத்ரி நேரம் கிடைத்தபோதெல்லாம் சொல்லிக் கொடுத்தார்.

சுடுவதில் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது பார்வை. எல்லோரும் டார்கெட்டைத்தான் பார்க்க வேண்டும் என்று நினைப்பார்கள். பிஸ்டலில் அப்படி இல்லை. குழலின் நுனியில் இருக்கிற ஃபிரண்ட் சைட் பளிச்சென்று தெரிய வேண்டும். தூரத்தில் கறுப்பு வட்டம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். அந்த மங்கலைப் பொறுத்துக்கொள்ள எனக்குப் பல வாரம் ஆயிற்று.

அடுத்த கஷ்டம் பயம். பயம் போய்விட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காயத்ரி எனக்குத் தெரியாமல் மேகசினில் நிஜக் குண்டுகளுக்கு நடுவே வெறும் டம்மி ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறார். இரண்டு குண்டு வெடித்தது. மூன்றாவதுக்கு டிரிகரை அழுத்தினேன். ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் வந்தது. ஆனால் என் கை, குண்டு வெடித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு பிஸ்டலைக் கீழே தள்ளியது. கண்ணும் மூடிக்கொண்டது.

“பாத்தேளா? துப்பாக்கி ஒண்ணும் பண்ணல. நீங்களே பயந்து நீங்களே தள்றேள்.”

“எனக்குத் தெரியவே இல்ல மேடம்.”

“தெரியாது. எல்லாருக்கும் அப்படித்தான். வெடிக்கப்போறதுன்னு காத்துண்டு இருக்கப்படாது. மெதுவா அழுத்திண்டே இருங்கோ. அது வெடிக்கறச்சே வெடிக்கட்டும்.”

அதன் பிறகு டம்மியோடுதான் நிறையப் பழகினேன். சத்தம் எப்போது வரும், எப்போது வராது என்று எனக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு சத்தத்தையும் காது கவனிக்க ஆரம்பித்தது. காதில் இயர் மஃப் போட்டிருந்தாலும் சரியான குண்டின் சத்தம் நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டும். பக்கத்து லேனில் யார் சுட்டாலும் அந்தத் தட்டு எனக்குத் தெரியும். அது ஒரு பழக்கமாகிவிட்டது.

நான் போட்டிகளில் பெரிதாக ஒன்றும் ஜெயிக்கவில்லை. கிளப் அளவில் ஒரு வெண்கலம் வாங்கினேன். அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்தது நானில்லை, என் கணவர்.

குரல்

ரேஞ்ச் ஆபீசர் பரீட்சை எழுதுங்கள் என்று சொன்னதும் காயத்ரிதான். ரேஞ்ச் ஆபீசர் என்பவர் சுடுகிறவர் இல்லை. சுடுகிறவர்களுக்குப் பின்னால் நின்று கட்டளை கொடுப்பவர். ‘லோட்’ என்றால்தான் குண்டு போட வேண்டும். ‘ஸ்டார்ட்’ என்றால்தான் சுட வேண்டும். ‘ஸ்டாப்’ என்றால் அழுத்தப்போன விரலும் வெளியே வந்துவிட வேண்டும். அவர் நிற்கிற வரை சுடுகிறவர்களின் வரிசை, அந்த லைன், அவர் கையில்.

எழுத்துப் பரீட்சை சுலபம். குரல்தான் வரவில்லை. சத்தமாகப் பேசாதே என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். ஒரு வரிசை ஆண்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு கட்டளை போட வாய் எழவில்லை.

“என்ன, அவா காதுல ரகசியம் சொல்றேளா?” என்றார் காயத்ரி. “தண்ணி லாரி வந்தா வீட்டாளக் கூப்பிடுவேளே, அந்தக் குரல் எங்க?”

அந்தக் குரல் என்னிடம் இருந்தது. அதை ரேஞ்சில் எடுத்தபோது முதல் லேனில் நின்றவர் தோள் குலுங்கியது. பரீட்சையில் பாஸானேன். அதற்குப் பிறகு கிளப்பில் எல்லோரும் என்னைப் ‘பேச்சி தாயி’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மராத்தியில் தாயி என்றால் அக்கா.

மூன்றாவது சத்தம்

மாநில அணிக்கு ஆள் எடுக்கிற செலக்‌ஷன் மேட்ச் எங்கள் ரேஞ்சில் நடந்தது. பிஸ்டல் பிரிவில் லைனைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு எனக்கு. பெரிய மேட்ச் ஒன்றில் தனியாக நிற்பது அதுதான் முதல் தடவை.

காயத்ரி அன்று பார்வையாளர் பக்கம் இருந்தார். அவர் பயிற்சி கொடுத்த பிரியங்கா சுடுகிறாள். கல்லூரிப் பெண். அவளுடைய கோச் என்பதால் காயத்ரிக்கு அன்று லைனில் எந்த அதிகாரமும் கிடையாது. கடைசி சீரிஸ் ஆரம்பிக்கும்போது பிரியங்கா பட்டியலில் முன்னால் இருந்தாள். ஒரு சீரிஸுக்கு ஐந்து குண்டு, அது மட்டும்தான் மிச்சம். ஒழுங்காகச் சுட்டால் அணியில் இடம்.

‘ஸ்டார்ட்’ கொடுத்தேன். எல்லா லேனிலும் கை எழுந்தது. பிரியங்காவின் முதல் குண்டும் இரண்டாவது குண்டும் நன்றாகப் போயின. மூன்றாவதுக்கு ஒரு சத்தம் கேட்டது. சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. ‘புஸ்’ என்று, சோடா பாட்டிலை மெல்லத் திறந்த மாதிரி. என் நெஞ்சில் அந்தத் தட்டு இல்லை.

சுட்டதும் தானாகப் பின்னால் வர வேண்டிய ஸ்லைடு பிரியங்காவின் பிஸ்டலில் வரவில்லை. அப்படி ஆனால் கையைத் தூக்கி ரேஞ்ச் ஆபீசரைக் கூப்பிட வேண்டும் என்பது விதி. ஆனால் அவளுக்கு அவசரம். கையாலேயே ஸ்லைடை இழுத்துவிட்டாள். பழைய தோட்டாவின் வெறும் உறை வெளியே விழுந்தது, புதுக் குண்டு உள்ளே போய் உட்கார்ந்தது. அவள் கை மறுபடி டார்கெட்டுக்கு எழ ஆரம்பித்தது.

தோட்டாவில் இருக்கிற வெடிமருந்து சரியாக எரியாமல் குண்டு கிளம்பினால் அது குழலின் பாதியிலேயே மாட்டிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் பின்னால் வருகிற குண்டு முன்னால் மாட்டியதில் மோதும். குழல் வீங்கும், வெடிக்கவும் வெடிக்கும். அதைப் பிடித்திருக்கிற கைக்கும் பக்கத்தில் நிற்கிறவர் கண்ணுக்கும் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. ஆனால் மாட்டியிருக்கிறதா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஒரு சத்தம் சரியில்லை என்பது மட்டும்தான் தெரியும்.

“ஸ்டாப்!” என்று கத்தினேன். “ஸ்டாப்! அன்லோட்!”

லைன் முழுவதும் கை இறங்கியது. எல்லோருடைய சீரிஸும் நடுவில் அறுந்தது. பிரியங்கா திரும்பாமல் தலையை மட்டும் என் பக்கம் சாய்த்தாள். முகம் வெளுத்திருந்தது.

“பிஸ்டலை அப்படியே டார்கெட்டப் பாத்து வையி. விரலை எடு. மேகசினக் கழட்டு” என்று இந்தியில் சொல்லிக்கொண்டே போய் அவள் பின்னால் நின்றேன். அவளைத் தொடவில்லை. தொட்டால் கை திடுக்கிடும்.

பின்னாலிருந்து வேறொரு கிளப்பின் மேனேஜர் கத்தினார். “அரே தாயி, மிஸ்ஃபயர் ஹை! பாக்கி லோக் கா க்யா கஸூர்?” ஒரு குண்டு வெடிக்கவில்லை, அவ்வளவுதானே, மற்றவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்டார். அவர் பையனும் அதே லைனில் நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்தான்.

அவரைவிட எனக்கு வலித்தது அடுத்து வந்த குரல்தான். காயத்ரி தடுப்புக் கம்பி வரைக்கும் வந்துவிட்டார்.

“பேச்சியம்மா, என்ன பண்றேள்? அவ ரிதமே போயிடுத்து! சாதாரண ஜாம் அது. அவ கிளியர் பண்ணிட்டா, விடுங்கோ!”

எனக்குப் பிஸ்டலைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். அதுவரை அவர் சொன்னதற்கு நான் மறுத்துப் பேசியதே இல்லை.

“மேடம், நீங்க கம்பிக்கு அந்தப் பக்கம் நில்லுங்க. லைன் இப்ப என் கையில இருக்கு.”

அவர் நின்றார்.

மேட்சின் நடுவர்களான ஜூரி வந்தார்கள். பிரியங்கா குண்டை வெளியே எடுத்துவிட்டு ஸ்லைடைத் திறந்து வைத்தாள். நான் கிளீனிங் ராடை எடுத்துக் குழலின் வாய் வழியாக உள்ளே விட்டேன். ராடு பாதி தூரம் போய் நின்றது. கொஞ்சம் அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை. ஜூரியில் இருந்த பெரியவர் தானும் விட்டுப் பார்த்தார். பிறகு டெலஸ்கோப்பில் டார்கெட்டைப் பார்த்தார். மூன்று தடவை சுட்டதற்கு இரண்டு ஓட்டைதான் இருந்தது.

அந்த மேனேஜர் இரண்டு கையையும் கூப்பிக் காட்டிவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தார். பிரியங்கா ராடையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தன் வலது கையை விரித்து, மூடி, மறுபடி விரித்தாள்.

ஜூரி எல்லோருக்கும் பழகிக்கொள்ள நேரம் கொடுத்து, நின்ற இடத்திலிருந்து சீரிஸை மறுபடி நடத்தினார்கள். பிரியங்காவுக்கு வேறு பிஸ்டல் கொடுத்தார்கள். மிச்சக் குண்டுகள் வட்டத்தின் ஓரத்தில் போய் விழுந்தன. அணியில் இடம் கிடைக்கவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் கதை அழகாக இருக்கும், ஆனால் நடந்தது இதுதான். அடுத்த செலக்‌ஷனில்தான் அணிக்குள் போனாள்.

மேட்ச் முடிந்ததும் காயத்ரியும் நானும் செம்பூர் ஸ்டேஷன் வரை ஒரே ஆட்டோவில் போனோம். பாதி வழியில் அவரே ஆரம்பித்தார்.

“அந்தச் சத்தம் எனக்கும் கேட்டுது, பேச்சியம்மா.”

நான் திரும்பிப் பார்த்தேன்.

“கேட்டுது. ஆனா ஒண்ணும் இருக்கப்படாதுன்னு மனசு சொல்லித்து. அவ ஜெயிக்கணும்னு இருந்தேனோல்லியோ, காது கேட்டதை மனசு வாங்கிக்கல. நீங்க கத்தலேன்னா நான் பாத்துண்டேதான் நின்னிருப்பேன்.”

“நானுந்தான் மேடம். அவ என் ஸ்டூடண்டா இருந்தா எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.”

“இல்ல” என்றார். “நீங்க கத்தியிருப்பேள்.”

பதக்கம் வாங்கிய அன்றுகூட எனக்கு அவ்வளவு பெருமையாக இல்லை. வீட்டுக்குப் போய்க் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, “அந்தப் புள்ள கைக்கு ஒண்ணும் ஆவலல்லா?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும் எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

யார் வேண்டுமானாலும்

இப்போது நான் கிளப்பில் சீஃப் ரேஞ்ச் ஆபீசர். ஞாயிற்றுக்கிழமை பேசிக் கோர்ஸ் நான்தான் நடத்துகிறேன். செக்யூரிட்டி வேலைக்குப் போகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் என்று எல்லாவிதமான ஆட்களும் வருகிறார்கள். லைனில் தவறாக ஏதாவது கண்ணில் பட்டால் ‘ஸ்டாப்’ சொல்ல ரேஞ்ச் ஆபீசர்தான் வேண்டும் என்பதில்லை. பார்க்கிற யாரும் சொல்லலாம், நேற்று சேர்ந்தவர்களும் சொல்லலாம் என்று கட்டாயம் சொல்வேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். யாரும் சொல்ல மாட்டார்கள். கூச்சம்.

போன மழைக்கு முன்னால் ஒரு வகுப்பில், மாஹிமிலிருந்து வந்த ஷபானா என்கிற அம்மா, டெய்லர், அதிகம் பேசாதவர், திடீரென்று “ஸ்டாப்!” என்று கூவிவிட்டார். டார்கெட்டுக்குப் பின்னால், மண்மேட்டுக்கு மேலே, ஓர் ஆள் தலை தெரிந்ததாம். லைனை நிறுத்தினேன். எல்லாத் துப்பாக்கியையும் காலி செய்து பெஞ்சில் வைக்கச் சொல்லிவிட்டு, சிவப்புக் கொடி போட்டுவிட்டு நானே போய்ப் பார்த்தேன். தலையும் இல்லை, ஆளும் இல்லை. வேலியில் மாட்டிய ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பை காற்றில் எழுந்து எழுந்து விழுந்துகொண்டிருந்தது.

பையைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஷபானா துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு, “மாஃப் கரோ தாயி, சப் கா டைம் கராப் கியா” என்று எல்லோர் நேரத்தையும் வீணாக்கியதற்கு மன்னிப்புக் கேட்டார்.

எதற்கு மன்னிப்பு என்றேன். அந்த வகுப்பில் அதுவரை யாரும் செய்யாத வேலையை அவர் செய்திருக்கிறார் என்றேன். சிரித்தவர்களைப் பார்த்து, அடுத்த தடவை நிஜமாகவே ஒரு தலை தெரிந்தால் உங்களில் யார் வாயைத் திறப்பீர்கள் என்று கேட்டேன்.

வேலைக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். குண்டுகள் ஒரே இடத்தில் நெருங்கி விழ, நல்ல குரூப்பிங் போட, பழக்கம் போதும். தப்பாகிவிடலாம் என்று தெரிந்தும் ‘ஸ்டாப்’ என்று வாயைத் திறக்க வேறொன்று வேண்டும். நீங்கள் நிறுத்தியது வீணாகப் போனால் எல்லோருக்கும் கொஞ்ச நேரம் போகும். அவ்வளவுதான் நஷ்டம்.

அன்று அந்தப் பையைக் குப்பையில் போட்டுவிட்டு, ஷபானாவை முதல் லேனுக்குக் கூப்பிட்டு, அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்று, லைன் முழுவதற்கும் கேட்கிற குரலில் ‘லோட்’ கொடுத்தேன்.