மைனி எடை பார்த்த ஈயக் குண்டுகள்

முத்தையாபுரத்துக்குப் பக்கத்தில் லாரி எடை மேடை ஒன்றில் எனக்கு வேலை. நிலக்கரி லாரி, உப்பு லாரி, கன்டெய்னர் லாரி என்று நாள் முழுக்க ஏறி இறங்கும். நான் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து எடைச் சீட்டு அடித்துக் கொடுப்பேன். என்னோடு மல்லுக்கு நிற்காத டிரைவர் இந்தப் பக்கம் குறைவு.

"அக்கா, ஒங்க மேடை கூடக் காட்டுது."

"மேடை சரியாத்தான் காட்டுது. நீங்கதான் கூட ஏத்திட்டு வந்திருக்கிய."

இப்படி டன் கணக்கில் எடை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அரை கிராம் சொச்சம் இருக்கிற ஈயக் குண்டுகளை எடை பார்ப்பேன். ஏர் ரைபிளில் போட்டுச் சுடுகிற குண்டு அது. சுடுகிறது நான் இல்லை, என் வீட்டுக்காரரின் தங்கை. கப்பல் ஏஜென்சி ஆபீசில் வேலை பார்க்கிறாள், எங்களோடுதான் இருக்கிறாள். கையில் ரைபிளை எடுத்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள். மற்ற நேரத்தில், அண்ணியான என்னை மைனி, மைனி என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிற வாய் ஓயாது. நாத்தனார் என்றால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கலாம்.

எங்கள் ஊர்த் துப்பாக்கி சுடும் கிளப்பில் போட்டிக்கு எடுத்துப் போகிற தரத்தில் ஒரே ஒரு ரைபிள்தான் உண்டு. அது இவள் கையில் இருந்தது. இரண்டு முறை மாநிலப் போட்டிக்குப் போய், தேசியப் போட்டிக்குத் தேவையான புள்ளியை ஒரு மயிரிழையில் விட்டுவிட்டு வந்தாள். மூன்றாவது முறை போவதற்கு முன்னால், கிளப் செயலாளராக இருக்கிற ஹார்டுவேர் கடை அண்ணாச்சி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "இந்த வாட்டியும் புள்ளி வரலைன்னா ரைபிள அடுத்த ஆளுக்குக் குடுத்துருவோம் தாயி. கேக்கறதுக்கு ஆளு நிக்கி." அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் சாப்பிடவில்லை. சொந்தமாக வாங்குகிற விலையா அது?

அப்போதுதான் நான் குண்டு விஷயத்தில் இறங்கினேன். அதுவரை டப்பாவைத் திறந்து கைக்கு வந்ததைப் போட்டுச் சுட்டுக்கொண்டிருந்தாள். ஒரே டப்பாவில் இருக்கிற குண்டுகள் ஒரே எடையில் இருக்கும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. எடை மேடையில் உட்கார்ந்திருக்கிற எனக்கு அந்த நம்பிக்கை எந்தக் காலத்திலும் வராது. நகைக் கடைக்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி ஒரு சின்னத் தராசு வாங்கினேன். கொட்டி எடை பார்த்தால், நான் நினைத்தபடியே ஒன்று கூட, ஒன்று குறைய.

"பாத்தியாளா, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு லாரி" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடி அறையை எடுத்துக்கொள்வேன். ஃபேனை நிறுத்த வேண்டும், ஜன்னலைச் சாத்த வேண்டும், இல்லாவிட்டால் கடல் காற்றுக்குத் தராசு எண் நிலையாக நிற்காது. தூத்துக்குடி வெக்கையில் அப்படி உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். முதலில் பூதக்கண்ணாடி வைத்துக் குண்டின் பின்பக்க விளிம்பைப் பார்ப்பேன். பாவாடை என்று அதற்குப் பெயர். அதில் சின்ன நசுங்கல் இருந்தாலும் குண்டு நேராகப் போகாது. பிறகு கண்ணாடிப் பலகையில் உருட்டி விடுவேன். கோணலாக உருண்டால் தள்ளி வைப்பேன். தேறினதை எடை வாரியாகப் பிரிப்பேன். ஈயம் விஷம் என்பதால் அந்த அறைக்குள் தண்ணீர்ச் செம்புகூட வரக் கூடாது. முடித்ததும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவேன்.

காற்று விஷயமும் என் பொறுப்புக்கு வந்தது. இந்த ரைபிளில் மருந்து கிடையாது, குண்டைத் தள்ளுகிறது அழுத்தி அடைத்த காற்று. எங்களுக்குக் காற்று நிரப்பிக் கொடுக்கிறவர், கப்பலின் அடிப்பாகத்தைப் பார்க்கக் கடலுக்குள் இறங்குகிற ஒருவர். அவரிடம் கம்ப்ரசர் இருக்கிறது. ரைபிளில் மாட்டுகிற காற்றுச் சிலிண்டரில் பொறித்திருக்கிற காலாவதித் தேதியைப் பார்க்காமல் கையிலேயே வாங்க மாட்டார். "எண்ணெய்க் கையோட வால்வுப் பக்கம் வராதீங்கம்மா. அமுக்கின காத்தும் எண்ணெயும் சேந்தா வெடிச்சிரும்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். அழுத்தம் காட்டுகிற முள் எந்தக் கோட்டில் நிற்க வேண்டுமோ அதைத் தாண்டி ஒருநாளும் நான் நிரப்ப விட்டதில்லை. இன்னும் கொஞ்சம் ஏற்றினால் வேகமாகப் போகுமே என்று கிளப்பில் ஒரு மேதாவி சொன்னார். "நீங்க ஏத்துங்க, ஒங்க வீட்ல வச்சு ஏத்துங்க" என்று சொல்லிவிட்டேன்.

துப்பாக்கிக்கும் நாக்கு உண்டு என்று அந்த மாதங்களில்தான் கற்றுக்கொண்டேன். ஒரு எடை அதற்குப் பிடிக்கும், இன்னொன்று பிடிக்காது. குண்டின் தலை ஒரு துளி பெரிதாக இருந்தால் ஒத்துக்கொள்ளும், சிறிதாக இருந்தால் துப்பிவிடும். ரைபிளை மணல் மூட்டையில் சாய்த்து வைத்து, ஒவ்வொரு வகையிலும் சில குண்டுகள் சுடச் சொல்லி, காகிதத்தில் ஓட்டைகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்று பார்ப்பேன். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்பது என் சட்டம். அவள் அவசரக்காரி. குண்டையும் மாற்றுவாள், தோள்பட்டைத் தாங்கியையும் திருகுவாள்.

"இப்ப நல்லா விழுதுல்லா, விடுங்க மைனி."

"எதனால விழுதுன்னு தெரியணும்ளா. நாளைக்கு விழலைன்னா யாரக் கேப்ப?"

கடைசியில் பிடிபட்டது. ஒரே எடை, ஒரே தலை. ஐந்து குண்டும் ஒரே ஓட்டைக்குள் போயின. அந்தக் காகிதத்தைப் பூஜை அறையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும்.

ஒரே தொல்லை உப்புக் காற்று. பிரித்து வைத்த குண்டுகள் சில வாரத்தில் வெள்ளை பூத்தன. எங்கள் ஊரில் எது பூத்தாலும் துருப்பிடித்தாலும் கை தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலுக்குத்தான் போகும். கதவுக் கீலுக்கு, கத்தரிக்கோலுக்கு, சைக்கிள் பூட்டுக்கு, தலைக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து, துணியில் ஒரு சொட்டு விட்டு, குண்டுகளை அதில் மெல்லப் புரட்டி எடுத்தேன். எங்கள் கிளப்பின் தகரக் கொட்டகையில் சுட்டுப் பார்த்தோம். முன்பைவிட நன்றாகவே விழுந்தது. அதையும் சோதித்துத்தான் சேர்த்தேன், கண்ணை மூடிக்கொண்டு அல்ல. வால்வைத் தொடுகிற அன்றைக்கு எண்ணெயைத் தொட மாட்டேன்.

போட்டி சித்திரையில், சென்னையில். நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். அரங்கத்துக்குள் நுழைந்ததும் உடம்பு சிலிர்த்தது. முழுக்க ஏசி. பார்வையாளர் வரிசையில் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். போட்டி தொடங்குமுன் குறி சரிபார்க்கக் கொஞ்ச நேரம் கொடுப்பார்கள், அப்போது சுடுகிறது கணக்கில் வராது. ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு திரை இருந்தது. இவள் சுட்டாள். முதல் குண்டு மேலே. அடுத்தது இடது ஓரம். மூன்றாவதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். இத்தனை மாதத்தில் இவள் ரைபிள் இப்படித் துப்பி நான் பார்த்ததே இல்லை.

அவள் நடுவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு குண்டு டப்பாவோடு என்னிடம் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"மைனி, என்னமோ ஒட்டுது. உள்ளயே போ மாட்டேங்கு."

டப்பாவுக்குள் விரலை வைத்தேன். குண்டுகள் மேல் வெள்ளையாக, மெழுகு மாதிரி. தேங்காய் எண்ணெய் உறைந்து போயிருந்தது. அக்கினி நட்சத்திரம் வரப் போகிற நேரத்தில், சென்னைப் பட்டணத்தில், தேங்காய் எண்ணெய் உறையும் என்று எவள் நினைப்பாள்? எங்கள் கொட்டகையில் அது உறைய வேண்டுமென்றால் கடலே உறைய வேண்டும்.

அழுகிற நேரம் இல்லை அது. "நீ போய் மூச்ச சரி பண்ணு. ரைபிள தூக்கிப் பழகு, சுடாத. இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டு டப்பாவோடு வெளியே ஓடினேன். வாசலில் சிமெண்டுப் படி நெருப்பாகக் கொதித்தது. கைக்குட்டையை விரித்துக் குண்டுகளைப் பரப்பினேன். நான் போட்ட எண்ணெய் கொஞ்சம், அடித்த வெயில் அதிகம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இளகிக் கைக்குட்டைக்குள் இறங்கியது. தேய்த்தால் பாவாடை நசுங்கும். அதனால் ஒவ்வொன்றையும் தலையைப் பிடித்து எடுத்து, சேலைத் தலைப்பின் காய்ந்த பக்கத்தில் ஒற்றி ஒற்றி டப்பாவில் போட்டேன். காவலுக்கு நின்றவர் என்னைப் பைத்தியம் என்றே முடிவு கட்டியிருப்பார். ஒரு பாவாடைகூட நசுங்கவில்லை. அதைத்தான் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வேன்.

நடுவர் வழியாக டப்பா அவளிடம் போனது. முதல் இரண்டு குண்டு குழாயில் ஒட்டியிருந்ததைத் துடைத்துக்கொண்டு எங்கேயோ போயின. மூன்றாவது நடுவில் விழுந்தது. அடுத்ததும் அங்கேயே. அதற்குள் நேரம் முடிந்து போட்டி தொடங்கிவிட்டது.

அதன் பிறகு நடந்ததை நான் பாதிதான் பார்த்தேன். மீதி நேரம் திருச்செந்தூர் முருகனோடு பேசிக்கொண்டிருந்தேன். அவள் சுடுவாள், நிற்பாள், மூச்சு விடுவாள், சுடுவாள். திரையில் ஓட்டைகள் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தன. கடைசிக் குண்டு போனதும் ரைபிளைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். தேசியப் போட்டிக்கு வேண்டிய புள்ளியைத் தாண்டிக் கொஞ்சம் மிச்சமும் வைத்திருந்தாள். அந்த அரங்கத்தில் அத்தனை பேருக்கு நடுவில் நான் ஓவென்று அழுதேன். வெட்கமே வரவில்லை.

வெளியே வந்து அதே படியில் உட்கார்ந்திருந்தபோது அவள் போன் அடித்தது. ஹார்டுவேர் கடை அண்ணாச்சி. எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். குறி சரிபார்த்தபோது குண்டு சிதறினதை யாரோ அதற்குள் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். "பரவால்ல தாயி, விடு. ஊருக்கு எப்ப வாரிய? அடுத்த ஆளு ரைபிளுக்குக் காத்திருக்காரு" என்றார்.

இவள் போனை என் பக்கம் நீட்டினாள். நான் போனை வாங்கினேன்.

"நாங்க நாளைக்கு வாரோம் அண்ணாச்சி. ரைபிள் கிளப்புக்கு வராது. அது எங்க வீட்லதான் இருக்கும்."